மூன்று வருஷம் ஒரே முகம்

கெர்கென்னா தீவில் இருப்பவர்களுக்குத் தொலைநோக்கு என்பது பிறவியிலேயே வந்த சொத்து. எதிரே மறைக்க ஒன்றுமே கிடையாது. எங்கள் தீவின் சிகரத்தைக் காட்டு என்றால், யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத்தான் காட்டுவோம். காலையில் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸின் துறைமுகத்தில் கொட்டாவி விடுகிறவனின் கடைவாய்ப் பல் தெரியும். அப்படிப்பட்ட தீவில், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொலைநோக்கை எழுதித் தரச்சொன்னபோது ஆசிரியர்களான எங்களால் ஒரு பருவம் முழுக்க அலைந்தும் முடியவில்லை.

காரணம் கப்பல்தான். எங்களில் பாதிப்பேர் ஸ்ஃபாக்ஸில் குடியிருப்பவர்கள். காலைக் கப்பலில் வந்து, துறையிலிருந்து பேருந்து பிடித்து, தீவின் மறுகோடியிலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து பாடம் நடத்திவிட்டு, மறுபடி பேருந்து, மறுபடி கப்பல். கடைசி மணி அடித்ததும் கையிலிருந்த சாக்பீஸ் தரையைத் தொடுவதற்குள் ஆள் பேருந்தில் இருப்பார். அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு ஹாரன் மேல்தான் காதல். தலைமையாசிரியை ஜலீலா ஆசிரியர் அறையில் எழுந்து, "நம்ம பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும்னா..." என்று ஆரம்பிப்பார். ஹாரன் அலறும். திரும்பிப் பார்த்தால் நாற்காலிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த வாக்கியத்தின் பின்பாதியை நாங்கள் யாருமே அந்த வருஷம் மார்ச் மாதம்வரை கேட்டதில்லை.

ஆனால் விஷயம் விளையாட்டல்ல. ஒவ்வொரு பள்ளியும் ஆசிரியர்கள் எல்லோரும் கலந்து பேசி, ஒரு பொதுத் தொலைநோக்கை எழுதி, ஒருவர் விடாமல் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது. எங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. உருப்படியான திட்டம் வராவிட்டால் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளைப் பெரிய ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம்.

முதலில் அந்த வேலையை ஃபிரெஞ்சு வாத்தியார் லம்ஜத் எடுத்துக்கொண்டான். வார்த்தைகள் மேல் மோகம் கொண்டவன். ஒரே இரவில் ஒரு வாக்கியம் எழுதிவந்தான். ஒரே வாக்கியம்தான், ஆனால் அதை ஒரே மூச்சில் படித்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஒளிமயம், சிறப்பு, நாளைய குடிமகன், உலகளாவிய பார்வை எல்லாம் அதில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அனுப்பினோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஆய்வாளர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "தங்கள் பள்ளியைச் சூழ்ந்த பனிமலைக் காடுகளைப் பிள்ளைகள் பாதுகாப்பார்கள் என்கிறீர்கள். கெர்கென்னாவில் பனி எந்தப் பக்கம் விழுகிறது?"

லம்ஜத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் வடக்கே மலையூர் ஒன்றில் வாத்தியார்.

"அண்ணன் நல்லா எழுதுவாருன்னு வாங்கினேன்" என்றான் லம்ஜத். "மலை, காடு எல்லாத்தையும் நீக்கிட்டேன்னுதான் நினைச்சேன்."

"பேரீச்ச மரத்தையாவது வெச்சியா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இடம் இல்ல, ஷெத்லி சார்."

அன்று ஜலீலா எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது, கடல் பேசாமல் இருப்பது மாதிரி. வீட்டுத் துணிமணியை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கூட்டம் எதுவும் கூட்டாமல், முற்றத்தில் எங்களை ஒவ்வொருவராக மடக்கி ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம பிள்ளைங்க புது டீச்சர் வந்தா முதல்ல என்ன கேக்குதுங்க தெரியுமா?"

எங்களுக்குத் தெரியும். "டீச்சர், நீங்க பேய்க்கணவாய் சீசன் முடியுற வரைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்கும். எட்டுக் கைப் பேய்க்கணவாய் பிடிக்கப் போட்ட பானைகளை வசந்தத்தோடு கடலிலிருந்து எடுத்துக் கரையில் அடுக்குவார்கள். இடமாற்ற உத்தரவுகளும் அதை ஒட்டித்தான் வரும். பானைகள் ஏறும், ஆசிரியர்கள் இறங்குவார்கள். பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே காரியம். ஆசிரியர் பெயரை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்று முடிவு கட்டி, எல்லோரையும் 'கப்பல் சார்', 'கப்பல் டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். ஆட்டுத் தரகர் அமோரின் பெண் போன வருஷம் மட்டும் மூன்று ஆசிரியரைப் பார்த்தவள். அப்போது ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று ராகத்தில் சொல்வாள், மூன்றிலும் விடை வேறு.

இதிலிருந்துதான் ஜலீலாவின் தொலைநோக்கு பிறந்தது. ஒளியும் இல்லை, மயமும் இல்லை. "எங்கள் பள்ளிப் பிள்ளை நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை மூன்று வருஷம் ஒரே முகத்தைப் பார்க்கும்." அவ்வளவுதான். கீழே ஒரு உறுதிமொழி: கையெழுத்திடும் ஆசிரியர் யாரும் மூன்று வருஷத்துக்கு இடமாற்றம் கேட்பதில்லை, கேட்டிருந்தால் திரும்பப் பெறுவது.

படித்ததும் எனக்கு முதலில் வஸீலாவின் ஞாபகம்தான் வந்தது.

வஸீலா நான்காம் வகுப்பு டீச்சர். ஏழு வருஷமாகக் கப்பலில் வந்துபோகிறவள். எங்களில் ஸ்ஃபாக்ஸுக்கு மாறுதல் கிடைக்கும் அளவுக்குப் பணிமூப்புப் புள்ளி சேர்ந்திருந்தது அவளுக்கு மட்டும்தான். உத்தரவு ஜூனில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மகள் மலாக்குக்கு ஆறு வயது. செப்டம்பரில் முதல் வகுப்பு. விடியும் முன்னே கிளம்பி, மகள் சாப்பிட்ட பிறகு வீடு திரும்பும் பிழைப்பு. அந்தப் பெண் வஸீலாவை விழித்த கண்ணோடு பார்த்ததைவிட அவள் புகைப்படத்தைப் பார்த்ததுதான் அதிகம் என்று நான் கிண்டல் செய்வேன். வஸீலா ஒரு தடவை சிரித்தாள். மறுதடவை சிரிக்கவில்லை. அதற்குப்பின் நான் சொல்வதில்லை.

கெடு நெருங்கியது. மறுநாள் காலை ஸ்ஃபாக்ஸில் ஆய்வாளர் முன்னால் எல்லோரும் ஆஜராகித் தாளைக் கொடுக்க வேண்டும். ஜலீலா அறிவித்தார்:

"இன்னைக்கு எல்லாரும் ஒரே கப்பல்ல போறோம். கூட்டம் கப்பல்லதான்."

"கப்பல்லயா மேடம்?" என்றான் ஆறாம் வகுப்பு நிஸார்.

"ஆமா. அங்கே ஹாரன் அடிச்சா எவன் எந்திரிச்சு ஓடுறான்னு பாக்குறேன். ஓடினா கடல்."

தீவுக்காரர்கள் நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். எனக்கு ஸ்ஃபாக்ஸில் ஒரு மைத்துனன் உண்டு. என்னைக் கண்டால் முகம் மலராதவன், ஆனால் கட்டில் உண்டு. கப்பலின் மேல் கூடத்தில் இரண்டு பெஞ்சுகளை எதிரெதிராகப் பிடித்தோம். கீழே வண்டிகள், அமோரின் லாரி நிறைய ஆடுகள். அன்று காற்று தெற்கிலிருந்து வீசியது. சும்மா காற்றல்ல, ஆட்டின் தாடி ஒரு பக்கமாகவே நிற்கும் காற்று. கரையை விட்டதும் கப்பல் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. முதல் இரண்டு வகுப்புகளின் டீச்சர்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஜலீலா தாளை விரித்து மடியில் வைத்து, பறக்காமலிருக்க ஒரு ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பாவை அதன் மேல் நிறுத்தினார். படித்தார். கூடம் முழுக்கக் கேட்டது. எதிர்க் காற்றையும் மீறி மால்டாவிலும் கேட்டிருக்கும்.

பிறகு நடந்த வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. லம்ஜத் பேனாவை உறையிலிருந்து எடுத்துக்கொண்டே கையெழுத்திட்டான். நிஸார் லம்ஜத்தின் கைக்கு அடியிலேயே கையைவிட்டுப் போட்டான். நான் என் பெயரை நீளமாக, வால் வைத்து, சுழித்துப் போட்டேன். சாய்ந்திருந்த இரண்டு டீச்சர்களும் கண்ணைத் திறக்காமலே போட்டுவிட்டு மறுபடி சாய்ந்தார்கள். ஜலீலாவின் முகம் பூரித்தது. தாள் வஸீலாவிடம் போனது.

அவள் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டிருந்தாள். தாளைப் படித்தாள். திருப்பி நீட்டினாள்.

"நான் போடல அக்கா."

"வஸீலா" என்றார் ஜலீலா. இறங்கிய குரலில் சொன்னார். அதுவே எங்களைப் பயமுறுத்தியது. "ஒரு கையெழுத்து குறைஞ்சா தாளே செல்லாது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

பக்கத்து பெஞ்சில் ரொட்டி தின்றுகொண்டிருந்த அமோர் திரும்பி உட்கார்ந்தார். கப்பலில் யாருடைய பேச்சும் எல்லோருடைய பேச்சும்தான்.

"லல்லா டீச்சர், என் பொண்ணு உங்க வகுப்புலதான் இப்ப இருக்கா" என்றார் வஸீலாவிடம். "இந்த வருஷம்தான் ஒரே ராகத்துல வாய்ப்பாடு சொல்றா. அடுத்த வருஷம் நாலாவது ராகமா?"

வஸீலாவின் முகம் சிவந்தது. "நான் எதுக்குப் போறேன்னு உங்களுக்குத் தெரியுமா அமோர் அண்ணே?"

"எல்லாருக்கும்தான் வீடு இருக்கு."

"எல்லாருக்கும் இருக்கு. அதான் பிரச்சினை." அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க எல்லாரும் சேர்ந்து கனவு காணுறீங்க. தூங்காம முழிச்சிட்டு இருக்கப்போறவ நான் ஒருத்தி."

"அப்படி இல்ல, எல்லாரும்தானே கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றேன் நான், சமாதானமாக.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஷெத்லி அண்ணே, நீங்க எப்ப ரிட்டயர்?"

பக்கத்து பெஞ்சுக்காரர்களும் முன்னால் சாய்ந்தார்கள். ஆடுகள்கூடக் கேட்க ஆசைப்பட்டன.

"வர்ற வருஷம்" என்றேன்.

"மூணு வருஷம் இருப்பேன்னு வால் வெச்சுப் போட்டிருக்கீங்க."

பக்கத்து பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. எனக்கே சிரிப்பு வந்தது, வேறென்ன செய்ய. நான் அதை யோசிக்கவே இல்லை. மற்றவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் போட்டேன். வஸீலா நிற்கவில்லை.

"நிஸார் தம்பி, ஓமான்ல வேலைக்கு நேர்காணல் முடிஞ்சு போச்சாமே?"

நிஸார் காதைத் தேய்த்தான். "இன்னும் விசா வரலக்கா."

"வந்தா?"

"வந்தா... போகணும். வராதுன்னு நினைச்சுத்தான் போட்டேன்."

"லம்ஜத் சார்?"

லம்ஜத் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜன்னலில் நீர்த்துளி தவிர ஒன்றுமில்லை.

"நானும் இடமாற்றம் எழுதிப் போட்டிருக்கேன்" என்றான் கடைசியில். "எனக்குப் புள்ளி பத்தாது. கிடைக்காதுன்னு தைரியம்."

சாய்ந்திருந்த இரண்டு டீச்சர்களில் ஒருவர் கண்ணைத் திறந்து, "எனக்கு அடுத்த மாசம் குழந்தை பிறக்கப்போகுது, அதையும் சொல்லிடறேன்" என்றார். மற்றவர் கண்ணைத் திறக்காமலே "எனக்கு அக்டோபர்ல" என்றார்.

ஜலீலா ஹரிஸ்ஸா டப்பாவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வஸீலாவைத் தவிர ஒருவர்கூடப் பாக்கியில்லாத கையெழுத்துகள். இருக்கப்போகிறவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவனும் அடுத்தவன் இருப்பான் என்று நம்பித் தன் பெயரைப் போட்டிருந்தோம். தீவில் பிறந்து தீவில் சாகப்போகிற ஜலீலா மட்டும்தான் உண்மையாக மிச்சம், அவர் பாடம் நடத்துவதில்லை.

"அப்ப இத்தனை நாள் நான் யாருகிட்ட பேசிட்டு இருந்தேன்?" என்றார்.

கப்பல் நின்றுவிட்டது. துறைமுக வாய்க்கு வெளியே காற்று தணியும்வரை காத்திருக்கச் சொல்லியிருப்பதாக மாலுமி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஸ்ஃபாக்ஸ் விளக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன, ஆடியது நாங்கள்தான்.

வஸீலாவின் கைபேசி அடித்தது. காற்றில் கேட்காமல் அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அம்மா, அப்பா என்னைத் துறைக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. எனக்கு உன் கப்பல் தெரியுது."

"ஆமாண்டா கண்ணு. காத்து அடிக்குது."

"கப்பல் நிக்குது. நீ ஏன் வரமாட்டேங்குற?"

"கப்பல் வரவிடல."

"குதிச்சு நீந்தி வா."

"வரேன். ரொட்டி சாப்பிட்டியா?"

"நீ வந்து ஊட்டு. நான் ஒண்ணும் சாப்பிடல." பின்னால் ஆண் குரல் ஒன்று, "பொய், ரெண்டு தின்னுட்டா" என்றது. இணைப்பு அறுந்தது.

ஜலீலா எழுந்துபோய் வஸீலாவின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் இரு பெஞ்சுகளும் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம் மாதிரி இருந்தன. லம்ஜத் எழுந்து நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். நிஸார் பேனாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி என் நரம்பை அறுத்தான். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செப்டம்பரில் பெரிய ஊருக்குப் போவது எல்லோர் கண்ணிலும் ஓடியது. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை, ஏனென்றால் சொன்னால் அது வஸீலாவின் தலையில் விழும்.

"உன்னை இருன்னு சொல்ல எனக்கு வாய் வரலடி" என்றார் ஜலீலா. "ஆனா போன்னு சொல்லவும் வரல."

வஸீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எனக்கு இன்றுவரை எங்கிருந்து என்று தெரியவில்லை, அமோரைப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணே, உங்க ஊர்ல கடல் வேலியை ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குத்தகைக்கு விட்டா எப்படி விடுவாங்க?"

எங்கள் தீவைச் சுற்றி ஆழமில்லாத கடல். அதில் பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு மீனை வளைத்துப் பிடிப்பதுதான் பல குடும்பங்களுக்குச் சோறு. அமோரின் அண்ணனுக்கும் ஒரு வேலி உண்டு.

"எப்படின்னா?"

"பேரை மாத்தி எழுதிட்டு வந்துடுவாங்களா?"

"அது எப்படி" என்றார் அமோர், அவமானப்படுத்தப்பட்டவர் போல. "படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போகணும். நீரு எங்கே திரும்புது, எந்த மட்டை இத்துப்போச்சு, எந்த மூலையில மீன் ஒதுங்கும், எல்லாம் கிட்டப்போய்க் காட்டணும். இல்லேன்னா அவன் பாசியைத்தான் அள்ளிட்டு வருவான்."

"எத்தனை தடவை?"

"பழகுற வரைக்கும். என் அண்ணன் வேலியை விட்டுட்டு ஒரு சீசன் முழுக்கக் கூடவே போனாரு. அண்ணி திட்டிக்கிட்டே இருந்தா."

வஸீலா எங்களைப் பார்த்தாள். "நாம என்ன பண்றோம்? முப்பது பிள்ளைங்களைப் பேரு எழுதின ஒரு தாளோட புதுசா வர்றவங்க மேசையில வெச்சுட்டுக் கப்பல் ஏறிடுறோம்."

"நீ என்ன சொல்ற?" என்றார் ஜலீலா.

"மூணு வருஷம் நான் இருக்கமாட்டேன். பொய் சொல்லமாட்டேன். ஆனா என் இடத்துக்கு வர்றவங்களுக்கு என் பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா காட்டிக் கொடுக்க வருவேன். வாரம் ஒரு நாள். எனக்கு அங்கே வகுப்பு இல்லாத நாள்ல. அவங்களுக்குப் பழகுற வரைக்கும். அதுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னா போடுறேன்."

"இதே கப்பல்லயா?" என்றான் நிஸார், நம்பாமல்.

"நீந்தியா வருவாங்க?" என்றாள் வஸீலா.

ஜலீலாவுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. அவர் கேட்டது மூன்று வருஷம். கிடைப்பது வாரம் ஒரு நாள். தாளைக் கசக்கப் போவது மாதிரி கையை மூடினார். பிறகு திருப்பிப்போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், கப்பல் ஆட்டத்தில் கோணல்மாணலாக எழுதினார்: "எங்கள் பள்ளியிலிருந்து போகிற ஆசிரியர், வருகிற ஆசிரியரின் கையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒப்படைப்பார். பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்து, பழகும்வரை."

இந்தத் தடவை யாரும் பேனாவைப் பறிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. லம்ஜத் இரண்டுமுறை படித்தான். "எனக்கு வடக்கே எங்காவது கிடைச்சுட்டா?" என்றான். "வடக்குலேருந்து வா" என்றார் ஜலீலா. பத்து நிமிஷம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போட்டான். நிஸார் ஓமானுக்குப் போவதற்குமுன் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்வதாகத் தன் பெயருக்குக் கீழே எழுதிப் போட்டான். கர்ப்பிணிகள் இருவரும் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு போட்டார்கள். நான் வால் இல்லாமல் போட்டேன். வஸீலா கடைசியாக, சுவரில் தாளை வைத்து, அழுத்திப் போட்டாள். கப்பல் நகர்ந்தது.

மறுநாள் ஆய்வாளர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"சிறப்பு, ஒளிமயம்னு ஒரு வார்த்தையும் காணோமே. எல்லாப் பள்ளியிலும் இருக்கு."

"கப்பல்ல ஏறும்போது இருந்துச்சு சார்" என்றார் ஜலீலா. "காத்துல பறந்துடுச்சு."

அவர் எங்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் குடைந்தார். போகிறவர் வராவிட்டால் யார் கேட்பது என்றார். ஊரே கேட்கும் என்றார் ஜலீலா. ஒரு வருஷம் பார்ப்போம், அதுவரை வகுப்புகளை எடுக்கமாட்டோம் என்றார் ஆய்வாளர். ஒரு வருஷம். எங்களுக்கு அதைக் கொண்டாடுவதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை. வெளியே வந்து ஆளுக்கு ஒரு சூரைமீன் ரொட்டி தின்றோம், ஹரிஸ்ஸாவை அள்ளிப்போட்டு. கண்ணில் வந்த தண்ணீருக்கு அதுவே காரணம்.

ஜூனில் வஸீலாவுக்கு உத்தரவு வந்தது. ஸ்ஃபாக்ஸ், அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

பள்ளி திறந்த நாள் காலையில் பேருந்து வரும் நேரத்துக்கு ஊரில் பாதிப்பேர் ஏதாவது வேலையாகப் பள்ளி வாசல் பக்கம் வந்தார்கள். அமோர் ஒரே ஒரு ஆட்டை அந்தப் பக்கமாக மூன்றுமுறை ஓட்டிக்கொண்டு போனார். பேருந்து நின்றது. நிஸார் இறங்கினான், விசா வரவில்லை. லம்ஜத் இறங்கினான், புள்ளி பத்தவில்லை. பிறகு ஒட்டவெட்டிய முடியோடு ஓர் இளைஞன், ஐந்தாம் வகுப்புக்கு ஏறிவிட்ட வஸீலாவின் பிள்ளைகளுக்காக வந்த புது வாத்தியார், பெயர் ஸாபர். கப்பல் ஆடிய ஆட்டத்தில் முகம் பச்சையாக இருந்தது. அதோடு கதவு மூடியது.

ஜலீலா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த பஸ்ல வருவா" என்றேன்.

"அடுத்த பஸ் எப்ப இருக்கு உங்க ஊர்ல?" என்றார் என்னிடம், அவர் ஊர் வேறு என்பது போல.

அன்று முழுக்க எங்களுக்கு எதுவும் ஓடவில்லை. ஸாபர் ஒரு தாளை வைத்துக்கொண்டு பெயர்களைத் தப்புத்தப்பாகக் கூப்பிடுவது சுவர் தாண்டிக் கேட்டது. பிள்ளைகள் அவனிடம் பேய்க்கணவாய்க் கேள்வியைக் கேட்டார்கள், அவனுக்குப் புரியவில்லை. "அவ்வளவுதான், கையெழுத்து" என்றான் லம்ஜத், மத்தியானச் சோற்றின் மேல். "நம்ம எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்ல, நமக்கே தெரியாதா." ஜலீலா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை பேருந்தில் முதல் ஆளாக வஸீலா இறங்கினாள்.

"நேத்து எங்கே போனே?" என்றார் ஜலீலா, சலாம்கூடச் சொல்லாமல்.

"நேத்துதான் என் பொண்ணுக்கும் முதல் நாள் அக்கா. நாடு முழுக்க ஒரே நாள்லதான் பள்ளிக்கூடம் திறக்கும். கப்பல்ல அது உங்க யாருக்காவது ஞாபகம் வந்துச்சா?"

எங்கள் யாருக்கும் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே கிடந்தவர்கள் நாங்கள்.

"அழுதாளா?" என்றார் ஜலீலா.

"அவ அழல" என்றாள் வஸீலா. கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். "புது ஆள் எங்கே? அங்கே ஒரு நாள்தான் விட்டிருக்காங்க. நேரமில்ல."

அன்று அவள் ஸாபரை வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சாக இழுத்துக்கொண்டு நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் மட்டுமல்ல, ஜன்னலில் இடம் கிடைக்கச் சண்டை. இவன் புரியாவிட்டாலும் தலையாட்டுவான், ஏமாறாதே. இவள் எழுதச் சொன்னால் எழுதுவாள், வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கும் என்பாள், வலிக்காது. இவன் அப்பா கடலுக்குப் போன நாளில் ஒன்றும் கேட்காதே. ஏழாம் வாய்ப்பாடு இவளிடம் மட்டும் பாட்டாகக் கேள். ஸாபர் முதலில் சிரித்தான், பிறகு எழுத ஆரம்பித்தான், பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். அவன் முகத்துப் பச்சை போய்விட்டது. வஸீலா நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தாள். பாதி வகுப்பு ஆகும்போதே ஹாரன் அடித்துவிட்டது.

அவள் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். பேருந்தில் ஏறினாள். வண்டி நகர்ந்து, முற்றத்துச் சுவரைத் தாண்டியபோது ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஸாபர் தம்பி, மறந்துட்டேன். ரம்ஸிக்கு இடது காது கேக்காது. உன் வலது பக்கமா உட்கார வை."

ஸாபர் வாசலிலிருந்து தெருவுக்குப் பாய்ந்தான். எங்கள் தீவில் ரம்ஸி என்று கூப்பிட்டால் கடலில் இருக்கும் மீனும் திரும்பிப் பார்க்கும். அந்த வகுப்பிலேயே இருவர்.

"எந்த ரம்ஸி?" என்று கத்திக்கொண்டே பேருந்துக்குப் பின்னால் ஓடினான். "டீச்சர், எந்த ரம்ஸி?"

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார், பதில் அதில் போய்விட்டது. வஸீலா இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே வந்து, காற்றில் ஒரு கையை நீட்டி, ஒரு உயரத்தைக் காட்டினாள். பேருந்து திருப்பத்தில் மறைந்தது. ஸாபர் புழுதியில் நின்று, மூச்சு வாங்க, தன் கையை மார்பு உயரத்துக்கு வைத்தான், சற்று இறக்கினான், மறுபடி கொஞ்சம் ஏற்றினான். அந்தக் கையைக் கீழே விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி நடந்தான்.